கண்ணைக் கொஞ்சம் பெருசா

குன்னூர் பெட்ஃபோர்டில்
ஆல்வின் அண்ணன் ஸ்டூடியோ.
பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தேன்.
"கண்ணைத் திறம்மா" என்றார்.
திறந்துதான் இருந்தது.
"இன்னும் கொஞ்சம் பெருசா."
புருவம் நெற்றிக்கு ஏறியது.
அரசாங்கக் காகிதங்களில் எல்லாம்
இன்றைக்கும் நான்
திருட்டுக் கேஸில் பிடிபட்டவள்போலத்
திகைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் ரோஸ்லின் லியோங்.
பூட்டன் கப்பலேறி வந்ததைப் பற்றி
வீட்டில் இரண்டு கதை உண்டு.
இரண்டிலும் கப்பல் ஒன்றுதான்,
ஏறிய ஊர்தான் வேறு.
எனக்குத் தெரிந்த சீனம்
எட்டு வசவு, ஒரு தாலாட்டில் பாதி.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவது
தமிழில்தான்.

பார்லரில் புருவம் திருத்துகிறேன்.
நூலின் ஒரு முனை என் பல்லில்.
கண்மூடிச் சாய்ந்தபடி கேட்பார்கள்:
எந்த ஊர்?
இல்ல, சொந்த ஊர்?
இல்லக்கா, நெசமான ஊர்?
வாயில் நூல் இருப்பதால்
அமைதியான பொண்ணு என்று பேர்.

ஊரடங்கு முடிந்து கடை திறந்தபோது
யாரோ கதவில் சாக்பீஸால்
வௌவால் வரைந்திருந்தார்கள்.
நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள், சிறகில் நரம்பெல்லாம்.
அடுத்த வருஷம் கொரியத் தொடர்கள் மலையேறி வந்தன.
"உங்க ஸ்கின்னுக்கு என்னக்கா போடறீங்க?"
அதே முகம்தான்.
போனில் ஓர் ஆண்குரல்:
மசாஜ் உண்டுங்களா?
வாக்சிங் உண்டு, கொதிக்கக் கொதிக்க, என்றேன்.

சீட்டு விழுந்த பணத்தில்
பழைய கேமரா ஒன்று வாங்கினேன்.
பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு ஸ்டூல்.
மதியம்வரை மூடுபனி
வடிகட்டித் தருகிற வெளிச்சம்.

முதலில் வந்தவள் உன்ஜு.
கட்டபெட்டுப் பக்கம் காளான் வளர்க்கிறாள்.
வைக்கோல் லாரிக்காரனிடம்
போனில் கத்திக்கொண்டே படியேறினாள்,
பூட்ஸில் சாணம்.
உட்காரவைத்து, திரையை விலக்கி,
நான் சொன்னேன்:
"தலையைக் கொஞ்சம் தாழ்த்து.
மெல்லிசா ஒரு சிரிப்பு."

அவள் பார்த்தாள்.
"நீயுமா?"

ஆல்வின் அண்ணன்
என் விரலுக்குள் எப்போது வந்து உட்கார்ந்தார்?
கை பதறி ஷட்டர் விழுந்தது.
சற்றே கலங்கலான அந்தப் படம்தான்
மணப்பெண் போஸ்டர் இருந்த இடத்தில்
இப்போது தொங்குகிறது.
துல்லியமாக இருப்பது
பின்னாலிருக்கும் திரைச்சீலை மட்டும்.

கோத்தகிரி யோஷிகோ சிவராமன்
ஜவுளிக்கடைப் பையில் கிமோனோ கொண்டுவந்தார்.
"நீ கேட்பாய் என்று."
கட்டத் தெரியுமா என்றேன்.
வீடியோ பார்த்தால் வரும் என்றார்.
ஸ்டூலில் அதை விரித்து
ஸ்வெட்டரோடு அதன்மேல் உட்கார்ந்து
வர்க்கி தின்றார்.
பட்டுக் கொக்கின் அலகில்
துணுக்குகள்.

நர்ஸ் லால்ரின்பூயி, மிசோரம்காரி,
"நான் உன் கணக்கில் வர மாட்டேனே" என்றாள்.
பஸ்ஸில் பின்னாலிருந்து கூப்பிடுகிறவனுக்கு
அது தெரியுமா என்றேன்.
சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.

சுவரைப் பார்த்த ஒரு கஸ்டமர்:
"மூணு பேரும் உங்க கூடப் பிறந்தவங்களா?"
ஆமாம், என்றேன்.
வேலை மிச்சம்.

பிறகு என் முறை.
பத்து நொடி டைமர்.
ஓடிவந்து உட்கார்ந்தேன்.
ஏழாவதில் புருவம் தானாக ஏறியது.
எட்டில் இறக்கினேன்.
ஒன்பதில் கீழே ரயில் கூவிற்று,
கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்கறப்ப எடுத்ததாக்கா?"
நாற்காலியில் சாய்ந்த பெண் கேட்கிறாள்.
பல்லிலிருந்து நூலை எடுக்கிறேன்.
சொல்ல ஆரம்பிக்கிறேன்.
அவளுடைய இடது புருவம்
பாதியில் நிற்கிறது.